அழைப்பிதழில் அச்சான வயது

அந்த ஆண்டு அறுபதாம் கல்யாண அழைப்பிதழ்களில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. தம்பதியின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'உடல் வயது'.

விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும். நீங்கள் பிறந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை விட்டுவிட்டு, உங்கள் உடம்பு எத்தனை வருஷத்துக்குத் தேய்ந்திருக்கிறது என்று அந்தச் சோதனை சொல்லிவிடும். முதலில் மருத்துவர்கள் அந்த எண்ணைக் கேட்டார்கள். பிறகு காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கடைசியில் உறவினர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு யாராலும் தப்பிக்க முடியவில்லை.

மிருதுளாவின் மாமியார் ஹேமலதா தன் எண்ணைப் படித்து வாங்கிய பட்டம்போல் சொல்லிக்கொள்வார். அறுபத்திரண்டு வயதில் அவருடைய உடம்புக்கு நாற்பத்தொன்பது. அண்ணா நகரில் அவர் நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்காவில் அதை அறியாத நாய்கூடக் கிடையாது.

மிருதுளாவின் அப்பா தணிகைவேலுக்குச் சோதனை முடிவு வந்த அன்று பல்லாவரம் வீட்டில் ஒரே சிரிப்பு. அறுபது நிறையப்போகிறவருக்கு உடல் வயது ஐம்பத்து மூன்று.

"மறுபடியும் பொண்ணு பாக்கலாம் போலிருக்கே, சுகு" என்றார் அவர்.

"பாருங்க, பாருங்க. நானே ஜாதகம் வாங்கித் தரேன்" என்றாள் அம்மா சுகந்தி. "வரவளாவது உங்க ஈரத் துண்ட மெத்தை மேல போடவிடாம பாத்துக்கறாளான்னு பாப்போம்."

அம்மாவின் முடிவு இரண்டு நாள் கழித்து, சோதனைக்குப் பதிவு செய்தவள் என்ற முறையில், மிருதுளாவின் அலைபேசிக்கு மட்டும் வந்தது. அப்போது அவள் அலுவலகத்தில் இருந்தாள். எழுபத்து நான்கு என்றிருந்தது. நாற்பத்தேழைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று தோன்றியது. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மிருதுளா மாடிப்படிப் பக்கம் போய் நின்று, சோதனைக் கூடத்துக்குப் பேசினாள். ஒரு பெண் மருத்துவர் எடுத்தார்.

"ரெண்டு தடவை பாத்துட்டோம், மேடம். அதேதான் வருது. அம்மா என்ன வேலை பாக்கறாங்க?"

"வேலைக்குப் போகல. வீட்லதான்."

"வீடு எங்க?"

"பல்லாவரம். ஜிஎஸ்டி ரோடு மேலயே. ஆனா அப்பாவும் அதே வீடுதானே? அவருக்கு அம்பத்து மூணுதான் வந்துச்சு."

"அவர் எங்க வேலை?"

"கார் கம்பெனி. பெயின்ட் அடிச்ச வண்டிய செக் பண்ற இடம்."

மறுமுனையில் மெல்லிய சிரிப்பு கேட்டது. "அப்ப சரிதான். புது பெயின்ட் மேல ஒரு தூசு ஒட்டக் கூடாதுன்னு அங்க காத்த வடிகட்டித்தான் உள்ள விடுவாங்க. கம்பெனி பஸ்ஸும் ஏசியா இருக்கும். நம்ம ஊர்லயே நல்ல காத்து கார்களுக்குத்தான் கெடைக்குது."

"இப்பதான் பாதி வண்டி கரண்ட்டுல ஓடுதே, டாக்டர்?"

"மீதிப் பாதி? லாரியெல்லாம் இன்னும் டீசல்தான். அப்படியே பொகை கொறஞ்சாலும் டயரும் பிரேக்கும் தேயற தூள் எங்க போகும்? மூச்சு வழியா ரத்தத்துக்குப் போயிடும். உடம்பு தேயற வேகத்த அது ஏத்தி விட்டுடுது. வயசு ஏற ஏற இன்னும் சீக்கிரம். உங்கம்மாவுக்குக் கடைசி நாலு வருஷத்துல ரொம்பவே ஏறியிருக்கு. நாலு வருஷமா என்ன மாறுச்சு? தெனமும் மெயின் ரோட்ல போயிட்டு வர மாதிரி ஏதாவது?"

மிருதுளாவின் மகள் இயலுக்கு நாலு வயது.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் மிருதுளா.

"சரி. ரோட்டுப் பக்கம் போறத நிறுத்திட்டா கொஞ்சம் எறங்க வாய்ப்பிருக்கு. முழுசா எறங்காது. இதுக்கு மேல ஏறாம பாத்துக்கலாம். ஹார்ட் டாக்டர் யாரையாவது சீக்கிரம் பாத்துடுங்க."

தினமும் காலையில் அம்மா பல்லாவரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ரேடியல் சாலை வழியாகத் துரைப்பாக்கத்தில் மிருதுளாவின் வீட்டுக்கு, இயலைப் பார்த்துக்கொள்ள வருவாள். கீழ்க்கட்டளை சிக்னலில் மணல் லாரிகளுக்குப் பின்னால் நிற்பாள். பள்ளிக்கரணையில் குப்பை வண்டிகளுக்குப் பின்னால் நிற்பாள். மாலையில் மிருதுளா வீடு திரும்பியதும் அதே வழியில் திரும்பிப் போவாள். குழந்தைக் காப்பகங்களைப் பற்றி மிருதுளாவின் கணவன் ஆதவன் ஒரு தடவை பேச்செடுத்தபோது, "நான் இருக்கும்போது எதுக்கு மாப்பிள்ளை?" என்று அவள்தான் சொன்னாள். அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

மிருதுளா வாழும் அடுக்ககம் சுத்தக் காற்றுக்குப் பேர்போனது. ஜன்னல்கள் திறக்காது. வெளியிலிருந்து வருகிறவர்கள் கீழே ஒரு கண்ணாடி அறையில் நிற்க வேண்டும். நாலு பக்கமும் காற்றடித்துச் சாலைத் தூசியை உறிஞ்சிய பிறகுதான் மின்தூக்கி திறக்கும். "ஜவுளிக்கடை வாசல் மாதிரி ஜில்லுன்னு இருக்கு, என்ன, பொடவதான் ஒண்ணும் வாங்க முடியல" என்பாள் அம்மா. ஒருமுறை ஹேமலதா வந்திருந்தபோது, "ரோட்டு வாடை அப்படியே இருக்கு சம்பந்தி, குளிச்சிட்டுக் கொழந்தையத் தூக்குங்களேன்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அம்மா ஒரு மாற்றுப் புடவையை ஸ்கூட்டர் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். வந்ததும் குளிப்பாள். மிருதுளா அதைக் கவனித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைக்கு நல்லதுதானே என்று நினைத்தாள்.

அம்மாவின் சோதனை முடிவு வந்த அன்று மதியமே ஹேமலதா அழைத்தார்.

"பத்திரிகை அச்சுக்குப் போகணும்னு ஆதவன் சொன்னான். சம்பந்திக்கு எவ்ளோ வந்துச்சு?"

"இன்னும்..."

"ரெண்டு நாள்ல வந்துடுமேடி. நான் எதுக்குக் கேக்கறேன்னா, மாப்பிள்ளையவிடப் பொண்ணு மூத்தவளா இருந்தா நல்லாருக்காது பாரு. எங்க நாத்தனார் வீட்ல அப்படித்தான் ஆச்சு. அவருக்கு அறுபத்தொண்ணு, அவளுக்கு அறுபத்து நாலு. பந்தியில ஒக்காந்து எல்லாரும் அதையே பேசினாங்க. பாயசம் நல்லாருந்துச்சுன்னு ஒருத்தர்கூடச் சொல்லல."

"அம்பத்திரண்டு, அத்தை" என்றாள் மிருதுளா.

யோசித்துச் சொன்னதல்ல. அப்பாவுக்கு ஒன்று குறைவாக, பார்க்க அழகான ஓர் எண் வாயில் வந்தது. சொன்ன பிறகு யோசித்தபோது அதற்குக் காரணங்கள் வரிசையாகக் கிடைத்தன. அம்மாவைப் பற்றி நாலு பேர் பேச வேண்டாம். விசேஷத்துக்கு முன்னால் அவளைப் பயமுறுத்த வேண்டாம். முடிந்ததும் ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம். இயலை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற ஒரு காரணத்தை மட்டும் அவள் அந்த வரிசையில் சேர்க்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா போன் பண்ணாங்கடி. அம்பத்திரண்டாமே எனக்கு! நிஜமாவா?"

"ம்."

"உங்கப்பாவவிட ஒண்ணு கம்மி. மனுஷன் இனிமே வாயத் தொறக்கட்டும்." அம்மா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "உன்கிட்ட சொல்லல மிருது. கொஞ்ச நாளாவே உடம்பு ஒரு மாதிரி இருந்துச்சு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. மத்தியானம் ஆனா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. பெருசா ஏதோ வந்துடுச்சுன்னு நெனச்சு, நம்ம தெருவுல ஹார்ட் டாக்டர்கிட்ட வர செவ்வாக்கெழம வரேன்னு சொல்லி வெச்சிருந்தேன். இப்ப வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா? போயிட்டு வாயேன்."

"எதுக்கு? மெஷினே சொல்லிடுச்சே. ஒடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் சோம்பேறித்தனம்."

அந்த இடத்தில் மிருதுளா சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தாள். இயல் ஓடிவந்து பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழும்போது ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டதை மிருதுளா பார்த்தாள்.

"நல்லா ரெஸ்ட் எடும்மா" என்றாள்.

"அம்பத்திரண்டுக்கு என்னடி ரெஸ்ட்டு?"

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அம்மா தன் உடம்போடு சண்டை போட்டாள். வயதுக்கேற்ற சுறுசுறுப்பு வேண்டாமா என்று மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியேறினாள். மூச்சு வாங்கினால் சிரித்தாள். முகூர்த்தத்துக்கு மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு எடுத்தாள். "அறுபதாம் கல்யாணத்துக்கு இந்தக் கலரான்னு கடைக்காரர் கேட்டாரு. அம்பத்திரண்டுன்னு சொன்னேன். பேசாம பில் போட்டுட்டாரு."

ஒரு நாள் மிருதுளா அலுவலகத்திலிருந்து சீக்கிரமே திரும்பினாள். இயல் தரையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா சோபாவில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். புடவை விலகிய கணுக்கால்கள் வீங்கியிருந்தன. மதிய வெளிச்சத்தில் அந்த முகத்தை மிருதுளா முதன்முறையாக ஓர் எண்ணோடு சேர்த்துப் பார்த்தாள். எழுபத்து நான்கு பொய்யில்லை.

கதவுச் சத்தத்தில் அம்மா விழித்தாள். பதறிப்போய்த் தலைமுடியைச் சரிசெய்தாள்.

"இல்லடி, இப்பதான்... கொழந்தைக்குச் சாப்பாடெல்லாம் ஊட்டிட்டேன். சும்மா ஒரு நிமிஷம் சாஞ்சேன். இனிமே இப்படித் தூங்க மாட்டேன்."

வேலைக்கு வந்தவள் எஜமானியிடம் பேசுவதுபோல் இருந்தது. மிருதுளா முகம் கழுவப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைப் பார்க்காமல் நின்றாள். விசேஷம் முடிந்த மறுநாளே சொல்லிவிடுவது என்று, தனக்குத்தானே மறுபடியும் ஒரு நாள் குறித்துக்கொண்டாள்.

பல்லாவரத்தில் சாலையோர மண்டபம் ஒன்றில் விசேஷம். வாசலில் பெரிய பலகை. தணிகைவேல், உடல் வயது 53. சுகந்தி, உடல் வயது 52. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஹேமலதா ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினார்.

ஹோமம் முடிந்தது. உறவினர்கள் வரிசையாக வந்து தம்பதியின் தலையில் கலச நீரை ஊற்றினார்கள். அப்பா ஒவ்வொரு சொம்புக்கும் "ஐயோ குளுருது" என்று நடிக்க, குழந்தைகள் சிரித்தன. அம்மாவும் சிரித்தாள். ஈரப் புடவையை மாற்றி மாம்பழப் பட்டில் திரும்பிவந்து மணையில் உட்கார்ந்தாள். ஐயர் தாலியை அப்பாவின் கையில் கொடுத்தார்.

அப்பா குனிந்தார். அம்மா அப்படியே அவர் தோளில் சாய்ந்தாள்.

வெட்கப்படுகிறாள் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். பிறகுதான் அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதை அப்பா பார்த்தார். "சுகு... சுகு, இங்க பாரு." இடது கை மணையிலிருந்து நழுவித் தொங்கியது.

மண்டபத்துக்கு எதிரிலேயே ஆம்புலன்ஸ் நிற்கும் இடம். சில நிமிடங்களில் வந்துவிட்டார்கள். வந்த இளைஞன் அம்மாவின் நெற்றியில் ஒரு பட்டையைச் சுற்றினான். கையடக்கத் திரையைப் பார்த்தான்.

"மூளையில அடைப்பு. ரத்தக் கசிவு இல்ல, நல்ல வேளை. இங்கயே மருந்து போட்டுடலாம், கரைஞ்சிடும். உடல் வயசு எவ்ளோ?"

"அம்பத்திரண்டு" என்றார் அப்பா.

"நிச்சயமாத் தெரியுமா? எழுபதத் தாண்டின உடம்புக்குப் பாதி மருந்துதான் போடணும். முழுசாப் போட்டா ரத்தக் கொழாய் தாங்காது, வெடிச்சிடும்."

"வாசல்லயே போட்டிருக்கே தம்பி, பாக்கலயா?" என்றார் ஹேமலதா. "அம்பத்திரண்டு. நீங்க சீக்கிரம் போடுங்க."

இளைஞன் ஊசியில் மருந்தை ஏற்ற ஆரம்பித்தான். குழலுக்குள் திரவம் ஏறுவதை மிருதுளா பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பட்டுப் புடவைகள், சந்தனம் பூசிய நெற்றிகள். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று அந்த வேளையிலும் ஒரு நொடி தயங்கினாள். அந்த ஒரு நொடியைத்தான் பின்னால் அவளால் தாங்க முடியவில்லை.

"எழுபத்து நாலு" என்றாள்.

குரல் வெளியே வரவில்லை. மறுபடியும் சொன்னாள். இப்போது கத்தலாக வந்தது.

"எழுபத்து நாலு! அம்மாவுக்கு எழுபத்து நாலு. போடாதீங்க."

இளைஞன் நிறுத்தினான். "ஏங்க, போர்டுல..."

"நான்தான் மாத்திப் போட்டேன்." அலைபேசியைத் திறந்து சோதனை முடிவை அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிப் பார்த்தான். உடனே பாதி மருந்தை வெளியே தள்ளினான். மீதியை ஏற்றினான்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப அம்பத்திரண்டுன்னியேடி" என்றார் ஹேமலதா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. ஆதவன் மனைவியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் தொங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அம்மாவுக்கு நினைவு தெளிந்தது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிந்தது. இடது கை விரல்கள் மெல்ல அசைந்தன. முழு மருந்தையும் போட்டிருந்தால் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றும், உடம்பு இப்படித் தேய்ந்ததற்குச் சாலைத் தூசிதான் காரணம் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா மஞ்சள் கறை படிந்த வேட்டியுடனேயே வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து தாலியை எடுத்துச் செவிலியிடம் காட்டினார்.

"கட்டிக்கலாமா சிஸ்டர்? பாதியில நின்னுபோச்சு."

"கட்டுங்க சார். ஒயர்ல மாட்டிக்காம பாத்துக்கங்க."

அவர் கட்டினார். மூன்றாவது முடிச்சுப் போடும்போது விரல்கள் தடுமாறின. "மொத தடவையும் இப்படித்தான் மெதுவா கட்டினீங்க" என்று அம்மா குழறிக் குழறிச் சொன்னாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

"எல்லாரும் என் வயசப் பாத்துக் கை தட்டினாங்க, சுகு" என்றார். "நான் பாட்டுக்குக் கண்ணாடிக் கூண்டுல ஒக்காந்து காருக்கு வடிகட்டின காத்த ஓசியில சுவாசிச்சிட்டு வந்திருக்கேன். நீ ரோட்ல நின்னிருக்க. ஒரு தடவகூட எனக்குத் தோணல."

அம்மாவின் கண்கள் மிருதுளாவைத் தேடின. அவள் கதவோரம் நின்றிருந்தாள்.

"கிட்ட வா. என்னவோ நம்பர் சொல்லிக் கத்தினியே. காதுல விழுந்துச்சு, ஆனா கனவா நெசமான்னு தெரியல. எவ்ளோடி?"

"எழுபத்து நாலும்மா." மிருதுளா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மொதல்லயே தெரியும். நான்தான் சொல்லல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அழுவாள் என்றும் நினைத்தாள். இரண்டில் எது வந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அம்மாவின் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது.

"அப்ப நெஜமாவே முடியாமதான் இருந்திருக்கு எனக்கு" என்றாள். "நான் நடிக்கலடி. எங்கடா, கொழந்தையப் பாத்துக்க அலுத்துப்போயித்தான் உடம்பு சாக்கு சொல்லுதோன்னு என்னையே நான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

மிருதுளா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை.

"இனிமே நீ அந்த ரோட்டுப் பக்கமே போகக் கூடாது" என்றார் அப்பா. "ஸ்கூட்டர நாளைக்கே வித்துடறேன். வீட்டையும் மாத்திடலாம்."

"அது சரி, மாத்துவோம்" என்றாள் அம்மா. கண்களை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது மறுபடியும் திறந்தாள். அவற்றில் கவலை வந்திருந்தது.

"மிருது, நாளைக்கு உனக்கு ஆபீஸ் இருக்கே. இயல யாருடி பாத்துப்பா?"

மிருதுளா போர்வையை அம்மாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். காலையில் ஆம்புலன்சுக்குள், அம்மாவின் உணர்வில்லாத கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அதே கேள்வி அவளுக்குள்ளும் ஒரு தடவை எழுந்து அடங்கியிருந்தது.